தொலைநிலைக் கருவிகளும் காப்பான இணைப்பும்

2023-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாளன்று தில்லி பழைய ரயில்வே பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. அங்கு அபாய அளவாகக் குறிக்கப்பட்டிருப்பது 205.33 மீட்டர். 1978 செப்டம்பரில் பதிவான 207.49 மீட்டரே அதுவரை உச்ச அளவாக இருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் நிலைத்து நின்ற அந்த அளவை ஆறு கடந்ததும் வஜீராபாத், சந்திராவல், ஓக்லா ஆகிய மூன்று குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. இதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 3.6 லட்சம் கனஅடி நீர் வெளியேறியிருந்தது. அந்த நீர் தலைநகரை வந்தடைவதற்கு எடுத்துக்கொண்ட கால அவகாசமே நகரத்துக்குக் கிடைத்த எச்சரிக்கைக் காலமாகும்.

இத்தகைய வேளையில் ஆற்றோரத்தில் நிற்கும் ஓர் அளவுமானியின் மதிப்பு என்னவென்று சொல்லத் தேவையில்லை. அது தரும் எண்ணைக் கொண்டே தாழ்நிலப் பகுதி மக்கள் வெளியேற்றப்படுகின்றனர். தில்லியின் காற்று மாசு அளவீட்டு நிலையங்களின் நிலையும் இதுவே. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் கட்டுமானப் பணிகள் பலவற்றுக்குத் தடை. 450-ஐத் தாண்டினால் சரக்கு வாகனங்கள் மீதும் கட்டுப்பாடு. படிப்படியான நடவடிக்கைத் திட்டம் என்ற பெயரில் 2017-இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட இந்த ஏற்பாடு, கருவிகள் தரும் எண்களையே அடிப்படையாகக் கொண்டது. அந்த எண் பிழையானால் ஆணையும் பிழையாகிவிடும்.

இக்கருவிகளுள் பல ஆளில்லாத இடங்களில் உள்ளன. அவற்றுக்குத் தொலைபேசிக் கம்பியோ கண்ணாடி இழை வடமோ செல்வது எளிதன்று. ஆகவே, சிம் அட்டை பொருத்திய ஒரு சிறு திசைவி, அதாவது மொபைல் ரௌட்டர், கருவியை வெளியுலகத்துடன் இணைக்கிறது. இந்த இணைப்பைப் பாதுகாப்பாக அமைப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செயற்கைக்கோளிலிருந்து சிம் அட்டை வரை

தொலைவிலுள்ள அலுவலகங்களைத் தலைநகருடன் இணைக்கும் முயற்சி நமக்குப் புதிதன்று. 1980-களின் பிற்பகுதியில் தேசியத் தகவலியல் மையம் ‘நிக்நெட்’ என்னும் வலையமைப்பை நிறுவி, மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியாகத் தில்லியுடன் இணைத்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் அமைந்த சிறு தரை நிலையங்கள் அக்காலத்தில் பெரிய சாதனையாகக் கருதப்பட்டன.

1995 ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லி சஞ்சார் பவனில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் செல்பேசியில் உரையாடினார். இந்தியாவின் முதல் செல்பேசி உரையாடல் அதுவே. 2022 அக்டோபர் 1-ஆம் நாள் புதுதில்லியில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கி வைக்கப்பட்டது. இந்த வளர்ச்சியின் பயனாக, ஒரு தட்டும் தரை நிலையமும் செய்த பணியை இன்று உள்ளங்கை அளவுள்ள சாதனம் செய்துவிடுகிறது. செலவு குறைந்துவிட்டது, ஆனால் காவல் பொறுப்பு கூடிவிட்டது. நிக்நெட் ஒரு நிறுவனத்தின் தனி வலையமைப்பு. செல்பேசித் திசைவியோ உலகம் முழுவதும் பரந்த இணைய வலையில் கால் வைக்கிறது.

உள்ளே அழைப்பது ஏன் கடினம்?

கருவி தன் அளவீடுகளைக் குறித்த நேரத்தில் தானே அனுப்புவதில் பெரும் சிக்கல் இல்லை. தலைமையகத்திலுள்ள பொறியாளர் அக்கருவியைத் தேடிச் செல்லும்போதுதான் சிக்கல் எழுகிறது. வெள்ளக் காலத்தில் மணிக்கு ஒரு முறை அளந்ததைக் கால் மணிக்கு ஒரு முறை அளக்கும்படி மாற்ற வேண்டியிருக்கும். உணரியின் அளவைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். நின்றுபோன கருவியை மீண்டும் இயக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஓர் ஊழியர் ஜீப்பில் புறப்பட்டுச் செல்வதென்றால் ஒரு நாள் கழிந்துவிடும். வெள்ளத்தின்போது பாதையே இருக்காது.

செல்பேசி நிறுவனங்கள் பொதுவாக ஒவ்வொரு சிம் அட்டைக்கும் தனி இணைய முகவரி தருவதில்லை. இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உள்ளன. உலகளாவிய பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த முகவரிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளித்து முடிக்கப்பட்டன. எனவே பல வாடிக்கையாளர்களுக்குப் பின்னால் ஒரே பொது முகவரியை வைத்து நிறுவனங்கள் நிர்வகிக்கின்றன.

இதை அரசு அலுவலகத் தொலைபேசி முறையுடன் ஒப்பிடலாம். கட்டடம் முழுவதற்கும் வெளி எண் ஒன்றே. உள்ளே ஒவ்வொரு மேசைக்கும் கிளை எண் உண்டு. மேசையிலிருந்து எவரும் வெளியே அழைக்கலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் அழைப்பு இணைப்பகத்தில் நின்றுவிடும். அங்குள்ளவர் இணைத்தாலன்றிக் கிளை எண்ணை எட்டாது. செல்பேசித் திசைவியின் நிலை இத்தகையதே. வெளியே பேச அதனால் இயலும். வெளியிலிருந்து அதை நேரே அழைக்க இயலாது.

128 இருமங்கள் கொண்ட புதிய முகவரி முறையான ‘ஐபி பதிப்பு 6’ இந்தப் பற்றாக்குறையைத் தீர்த்துவிடும். இந்தியச் செல்பேசி வலைகளில் அது பரவலாகப் பயன்பட்டும் வருகிறது. எனினும், முகவரி கிடைத்துவிடுவதால் காவல் கிடைத்துவிடாது என்பதை மறக்கலாகாது.

எளிய வழியின் ஆபத்து

கட்டணம் செலுத்தி நிலையான பொது முகவரி ஒன்றைப் பெற்று, திசைவியில் ஒரு வாயிலைத் திறந்து வைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. பொறியாளர் முகவரியைத் தட்டினால் கருவியின் கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கும். வசதிதான்; ஆனால் அந்த வாயில் பொறியாளருக்கு மட்டும் திறந்திருப்பதில்லை.

‘எவருக்கும் தெரியாத கருவி; இதை யார் தேடப் போகிறார்கள்?’ என்ற எண்ணம் தவறானது. பழைய முறை முகவரிகள் அனைத்தையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இலேயே செய்து காட்டினர். 2016-இல் ‘மிராய்’ என்னும் தீங்கு மென்பொருள் இதே முறையில் பரவியது. ஆலையில் பொருத்தப்பட்ட பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாமல் இருந்த கண்காணிப்புக் கேமராக்கள், திசைவிகள் ஆகியவற்றை அது கைப்பற்றியது. அதற்குத் தேவைப்பட்டவை அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்–கடவுச்சொல் இணைகளே. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அக்கருவிகள் ஒருசேர ஏவப்பட்டதால் அமெரிக்காவில் புகழ்பெற்ற இணையதளங்கள் பல மணி நேரம் முடங்கின. இதன் பின்னர், அனைத்துக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லுடன் விற்பதை 2024 ஏப்ரல் முதல் பிரிட்டன் சட்டத்தால் தடை செய்துள்ளது.

உள்ளிருந்து வெளியே: சரியான வழி

அழைப்பு உள்ளே வர இயலாதென்றால், கருவியே வெளியே அழைத்து அந்த இணைப்பைத் திறந்து வைத்திருக்கட்டும் என்பதே சரியான வழியின் அடிப்படை. தலைமையகத்தில் பொது முகவரியுடன் கூடிய நுழைவுக் கணினி ஒன்று இருக்கும். திசைவி உயிர்பெற்றவுடன் அதனைத் தொடர்பு கொண்டு, மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு சுரங்கவழியை அமைத்துக்கொள்ளும். பொறியாளரும் தம் கணினியிலிருந்து அதே நுழைவுக் கணினிக்கு மற்றொரு சுரங்கவழி அமைப்பார். இரண்டையும் நுழைவுக் கணினி இணைத்து வைக்கும். ஆற்றோரத்திலுள்ள திசைவியில் வெளியாருக்கு எந்த வாயிலும் திறந்திராது. இவ்வகை அமைப்பே மெய்நிகர் தனிவலை, அதாவது வி.பி.என்., எனப்படுகிறது.

இதன் பாதுகாப்பு திறவுகோல்களில் அடங்கியுள்ளது. இரகசியத் திறவுகோலை முன்கூட்டிக் கைமாற்றாமலே இருவர் பொதுவழியில் ஓர் இரகசியத்தை உருவாக்கிக்கொள்ளலாம் என்பதை 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டனர். அதன் வழிவந்த முறையில் ஒவ்வொரு கருவிக்கும் இணையான இரு திறவுகோல்கள் உண்டு. ஒன்று கருவியை விட்டு வெளியே வராத தனித் திறவுகோல். மற்றது எவரிடமும் கொடுக்கத்தக்க பொதுத் திறவுகோல். நுழைவுக் கணினி தன் பட்டியலில் உள்ள பொதுத் திறவுகோலுக்குரிய கருவியை மட்டுமே ஏற்கும். அதுபோலவே கருவியும் தனக்குத் தெரிந்த நுழைவுக் கணினியுடன் மட்டுமே பேசும். 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவில் சேர்க்கப்பட்ட ‘வயர்கார்டு’ இம்முறையைச் சுருக்கமாகவும் திறமையாகவும் செய்யும் மென்பொருள். ‘ஐபிசெக்’ என்னும் பழைய முறையையும் பல திசைவிகள் ஏற்கின்றன.

இணைப்பு சிறிது நேரம் ஓசையற்றிருந்தால் செல்பேசி நிறுவனத்தின் இணைப்பகம் அதை மறந்துவிடும். ஆகவே திசைவி குறித்த இடைவெளியில் ஒரு சிறு செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 25 வினாடிகளுக்கு ஒரு முறை என்பது வழக்கமான அளவு. அவ்வாறெனில் நாளொன்றுக்கு 3,456 செய்திகள். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினும், திறவுகோல் புதுப்பித்தலையும் சேர்த்து நாளுக்கு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவாகவே செலவாகும். எனவே தொடர்ந்த இணைப்பு செலவு மிக்கது என்ற அச்சம் தேவையற்றது.

செல்பேசி நிறுவனத்திடம் தனி அணுகுபுள்ளி ஒன்றைக் கேட்டுப் பெறுவது மற்றொரு வழி. அப்போது துறையின் சிம் அட்டைகள் பொது இணையத்தைத் தொடாமல் நேரே துறையின் வலைக்கு வந்து சேரும். நூற்றுக்கணக்கான கருவிகளைக் கொண்ட துறைக்கு இது ஏற்றது. ஆனால் தனிப்பாதை வேறு, பூட்டு வேறு. தனிப்பாதையில் செல்லும் செய்தியையும் மறையாக்கம் செய்வதே அறிவுடைமை.

அமைக்கும் முன் திட்டமிட வேண்டியவை

திசைவிகள் பல ஆலையிலிருந்து வரும்போது 192.168.1.1 போன்ற ஒரே உள்முகவரியுடன் வருகின்றன. நாற்பது நிலையங்களிலும் அதையே விட்டுவைத்தால், தலைமையகத்திலிருந்து பார்க்கும்போது நாற்பது வீடுகளுக்கு ஒரே கதவு எண் இருப்பது போலாகும். ஆகவே முதல் கருவியைப் பொருத்துவதற்கு முன்பே எல்லா நிலையங்களுக்கும் வெவ்வேறு முகவரித் தொகுதிகளை ஒதுக்கிப் பட்டியலிட வேண்டும். பின்னர் மாற்றுவது பெரும் தொல்லை.

திசைவியின் கட்டுப்பாட்டுப் பக்கம் வெளிப்புறத்திலிருந்து திறவாதபடி அடைக்கப்பட வேண்டும். கடவுச்சொல் நிலையத்துக்கு நிலையம் வேறாக இருக்க வேண்டும். சிம் அட்டை திருடப்பட்டால் வேறு கருவியில் பயன்படாதபடி அதற்குக் குறியெண் இடலாம். குறுஞ்செய்தி மூலம் திசைவியை மீளத் தொடங்கும் வசதி இருப்பின், குறிப்பிட்ட சில எண்களிலிருந்து வரும் செய்திகளை மட்டுமே அது ஏற்க வேண்டும்.

தொலைவிலிருந்து ஒரு விதியை மாற்றும்போது, அந்த மாற்றமே இணைப்பைத் துண்டித்துவிடும் வாய்ப்பு உண்டு. அப்போது மாற்றியவரே வெளியே நிற்பார். இதைத் தவிர்க்க, குறித்த சில நிமிடங்களுக்குள் உறுதி செய்யாவிட்டால் திசைவி பழைய அமைப்புக்குத் தானே திரும்பும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இணைப்பு நெடுநேரம் கிட்டாதபோது தானே மீளத் தொடங்கும் காவல் கடிகாரமும், வேறொரு நிறுவனத்தின் இரண்டாவது சிம் அட்டையும் வெள்ளக் காலத்தில் பெரிதும் உதவும்.

பகுத்து வைத்தலின் பயன்

2022 நவம்பர் 23-ஆம் நாள் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணினி வழங்கிகள் தாக்கப்பட்டன. ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு தாக்கியோரால் மறையாக்கம் செய்யப்பட்டுப் பயன்படாமற்போயிற்று. நோயாளர் பதிவு உள்ளிட்ட பணிகள் பல நாட்கள் கையால் எழுதி நடத்தப்பட்டன. பாதிக்கப்படாத காப்பு வழங்கியிலிருந்து மருத்துவமனைத் தரவு மீட்கப்பட்டது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

இதற்கு மாறான அனுபவமும் நமக்குண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இணையத்துடன் இணைந்த ஒரு நிர்வாகக் கணினியில் தீங்கு மென்பொருள் புகுந்திருந்ததை 2019 அக்டோபர் 30-ஆம் நாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முக்கிய உள்வலையமைப்பிலிருந்து அக்கணினி பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் நிலைய அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது. கப்பலின் அடித்தளத்தைத் தடுப்புச் சுவர்களால் அறைகளாகப் பிரித்து வைப்பது போன்றது இது. ஓர் அறையில் நீர் புகுந்தாலும் கப்பல் மூழ்காது.

தொலைநிலைக் கருவிகளுக்கும் இதே நெறி பொருந்தும். ஒரு நிலையத்தின் திசைவி மற்றொரு நிலையத்தை எட்டக்கூடாது. காற்று அளவீட்டு நிலையத்தைக் கவனிக்கும் ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு அந்த நிலையத்தின் கருவி மட்டுமே தெரிய வேண்டும். துறையின் கோப்புகளோ ஊதியப் பட்டியலோ தெரியலாகாது.

மனிதரும் திறவுகோலும்

சுரங்கவழி அமைத்துவிட்டதால் கடமை முடிந்துவிடுவதில்லை. 2015 டிசம்பர் 23-ஆம் நாள் உக்ரைனில் மூன்று மின்பகிர்வு நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குள் தாக்கியோர் நுழைந்தனர். திருடிய பெயர்களையும் கடவுச்சொற்களையும் கொண்டு, நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக அமைத்திருந்த தொலைவழியிலேயே அவர்கள் வந்தனர். ஏறத்தாழ 2.25 லட்சம் நுகர்வோர் சில மணி நேரம் மின்சாரமின்றி இருந்தனர். கடவுச்சொல்லுடன் இரண்டாவது ஒரு சான்றையும் கேட்கும் முறை இருந்திருந்தால் இந்த வழி அவர்களுக்கு எளிதில் திறந்திராது.

நம் அலுவலகங்களில் ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் பலர் பகிர்ந்துகொள்வது அரிதன்று. அதிகாரி மாற்றலாகிச் செல்லும்போது அலமாரிச் சாவியைக் கையொப்பம் பெற்று ஒப்படைக்கிறார். கணினித் திறவுகோலின் நகலோ அவருடைய மடிக்கணினியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித் திறவுகோல் தருவதும், பொறுப்பு ஒப்படைக்கும் நாளன்றே பழைய திறவுகோலைப் பட்டியலிலிருந்து நீக்குவதும் அலுவலக நடைமுறையின் பகுதியாக வேண்டும். ஒப்பந்தம் முடிந்த நிறுவனத்துக்கும் இதுவே விதி.

யார், எப்பொழுது, எந்தக் கருவியைத் திறந்தார் என்னும் பதிவும் இன்றியமையாதது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இத்தகைய பதிவுகள் 180 நாட்கள் காக்கப்பட வேண்டும். ஊடுருவல் நிகழ்ந்தால் அதனை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் தரும் நேரத்துடன் பொருத்தி வைக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. இந்தியத் திட்ட நேரத்தைப் பேணுவது தில்லியிலுள்ள அந்த ஆய்வுக்கூடமே. கடிகாரங்கள் ஒத்திராவிட்டால், ஒரு நிலையத்தின் பதிவையும் மற்றொன்றின் பதிவையும் பக்கத்தில் வைத்து நடந்ததை வரிசைப்படுத்த இயலாது. வெள்ள அலை எந்த நிலையத்தை எப்போது கடந்தது என்பதும் அவ்வாறே மயங்கிப்போகும்.

செய்யத்தக்கது

இவற்றுள் எதுவும் பெரும் முதலீடு கோருவதன்று. வயர்கார்டு போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கொள்முதல் ஒப்பந்தத்திலேயே சில நிபந்தனைகளைச் சேர்த்துவிட்டால் பாதிப் பணி முடிந்துவிடும்: திசைவிக்கு எத்தனை ஆண்டுகள் மென்பொருள் திருத்தங்கள் தரப்படும், ஆலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் அது இயங்குமா, திறவுகோல்கள் யார் வசம் இருக்கும். மிகக் குறைந்த விலையை மட்டும் பார்த்து வாங்கிய திசைவி, திருத்தங்கள் நின்றபின் பூட்டில்லாத கதவாகிவிடுகிறது.

பொறியியல், தொழிற்பயிற்சி மாணவர்களுக்கும் இத்துறையில் நிறைய வேலை இருக்கிறது. பழைய கணினி ஒன்றும், சாதாரணத் திசைவி ஒன்றும், சிம் அட்டையும் இருந்தால் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே இந்த அமைப்பை உருவாக்கிப் பார்க்கலாம். வெளியிலிருந்து தட்டிப் பார்த்து வாயில்கள் மூடியுள்ளனவா என்று தாமே சோதிக்கலாம். தம்முடைய கருவியை மட்டுமே சோதிக்க வேண்டும். பிறருடைய கருவியை அனுமதியின்றி அணுகுவது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி குற்றமாகும்.

ஆறு மீண்டும் பெருகும். குளிர்காலத்தில் தில்லியின் காற்று மீண்டும் கெடும். அந்த நாட்களில் கரையோரத்துக் குடும்பம் ஒன்று வீட்டை விட்டு வெளியேறுவதா இருப்பதா என்பதைத் தீர்மானிப்பது எங்கோ ஒரு கம்பத்தில் உள்ள கருவி அனுப்பும் எண். அந்த எண் உரிய நேரத்தில் வரவும், அதை வேறெவரும் மாற்றாதிருக்கவும் வழி செய்வது வெள்ளத்தடுப்புக் கரையை உயர்த்துவதற்கு ஒப்பான பணியே. கரையின் விரிசலைக் கண்ணால் காணலாம். திறந்து கிடக்கும் வாயிலைத் தேடிச் சென்றுதான் காண வேண்டும். மழைக்காலத்துக்கு முன் கரைகளைச் சோதிப்பது போலவே இவற்றையும் ஆண்டுதோறும் சோதிக்கும் வழக்கம் நம் துறைகளில் வேரூன்ற வேண்டும்.